பச்சைமலைச் சேற்றில் வின்ச்: கயிற்றின் முன்னால் சொல்லக்கூடாத வார்த்தை

மொட்டு, உன் ஜீப்பைப் பச்சைமலைக்கு ஓட்டிக்கொண்டு போய், முழுசாகத் திரும்பக் கொண்டுவந்து, ஸ்ரீரங்கத்தில் நம் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டேன். இன்னும் கழுவவில்லை. செம்மண் சக்கரத்தில் அப்படியே காய்ந்து கிடக்கிறது. இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். இதுவரை இங்கே எழுதியவர் என் வீட்டுக்காரர். முப்பது வயதிலேயே அவருக்கு வழுக்கை விழுந்துவிட்டது. கிண்டலுக்கு மொட்டை என்று கூப்பிட ஆரம்பித்தேன், போகப் போக அது மொட்டு ஆகிவிட்டது. நாலு பேர் முன்னால் 'என்னங்க', வீட்டுக்குள் மொட்டு. போன வைகாசியில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகும் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எந்த வின்ச் வாங்கலாம் அண்ணா, மழைக்குப் பிறகு பச்சைமலை மண் ரோடு எப்படி இருக்கும் அண்ணா என்று. பதில் சொல்ல ஆள் இல்லை.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். வண்டி சீட்டுக்கு ரெக்சின் உறை தைப்பது என் தொழில். ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து அந்த ஜீப்பில் பக்கத்து சீட்டு என்னுடையது. சேற்றில் இறங்கிக் கயிறு கட்டின வேலையில் பாதி என் கைதான் செய்தது. அதனால் இந்தத் தடவை நானே எழுதுகிறேன்.

பயணத்துக்குக் காரணம் என் கொழுந்தன் ஜெயபால். துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறான். நல்ல பிள்ளை, ஆனால் பயந்த சுபாவம். ஜீப்பை வாங்க ஆள் பார்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, வண்டிய குடுத்துடலாம். அண்ணன் இருந்தாரு, மலை மலையா ஓட்டுனாரு. நீங்க போயி எங்கயாவது மாட்டிக்கிட்டா யாரு வந்து எடுப்பா?"

"நானே எடுப்பேன்."

"சும்மா சொல்லாதீங்க அண்ணி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, ஞாயித்துக்கிழம நீயும் கூட வா. பச்சமலை மண் ரோட்டுல போவோம். எடுத்துவிடுங்கன்னு வெளியாள் ஒருத்தர நான் கூப்பிட்டேன்னா, அப்பவே சாவிய வாங்கிக்க. கூப்பிடாம திரும்பிட்டேன்னா வண்டி எங்கிட்டதான். அப்பறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அவன் சரி என்றான். வீட்டில் அவர் பொருள் என்று மற்றதெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ஜீப் ஒன்றுதான் இன்னும் எஞ்சின் போட்டால் சத்தம் போடுகிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

இனி வின்ச். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டியின் முன் பம்பரில் பொருத்தும் மோட்டார் அது. அதில் ஒரு டிரம், டிரம்மில் கயிறு. வண்டி சேற்றில் மாட்டினால் கயிற்றை உருவிக்கொண்டு போய் ஒரு மரத்தில் கட்டி, ரிமோட்டை அழுத்த வேண்டும். மோட்டார் கயிற்றைச் சுருட்டச் சுருட்ட வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். அடுத்தவர் வண்டியையும் இழுக்கலாம்.

எங்கள் பழைய வின்ச் மோட்டார் அவர் இருக்கும்போதே எரிந்துவிட்டது. புதுசை வாங்கியது நான். திருச்சியில் பால்பண்ணை பக்கம் ஒரு கடை. கடைக்காரர் எடுத்த எடுப்பில் பன்னிரண்டாயிரம் பவுண்டு வின்சைக் காட்டினார். "பெருசா போட்டுக்கங்கக்கா, கவலையே இல்ல" என்றார். கவலை இருக்கிறது. பெரிய வின்ச் கனம். முன்பக்கம் அமுங்கும், பட்டை ஸ்பிரிங் தளரும், பேட்டரியையும் உறிஞ்சும். கணக்கு சுலபம். ஆள், சாமான், டீசல் எல்லாம் சேர்த்து உங்கள் வண்டி எவ்வளவு எடை என்று பாருங்கள். அதைப்போல ஒன்றரை மடங்காவது இழுக்க வேண்டும். என் ஜீப் நிறைந்து நின்றால் ஆயிரத்து எழுநூறு கிலோ. ஒன்றரை மடங்கு என்றால் இரண்டாயிரத்து ஐந்நூற்றைம்பது. சேறு பிடித்து உறிஞ்சும் என்பதற்காக மேலே கொஞ்சம் வைத்து, ஒன்பதாயிரத்து ஐந்நூறு பவுண்டு எடுத்தேன். அது நாலாயிரத்து முந்நூறு கிலோ வரும். ஏன் அவ்வளவு என்று கேட்பீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் எடை, டிரம்மில் கடைசிச் சுற்று வரிசை மட்டும் இருக்கும்போது உள்ள பலம். மேலே மேலே கயிறு சேரச் சேர பலம் குறையும். அதனால் கயிற்றை நீளமாக விட்டு இழுப்பதுதான் நல்லது. ஆனால் ஏழெட்டுச் சுற்றாவது டிரம்மில் எப்போதும் இருக்கட்டும், இல்லாவிட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

கயிறு இரண்டு வகை. கம்பிக் கயிறு மலிவு, பாறையில் உரசினாலும் தாங்கும். ஆனால் அறுந்தால் சாட்டை மாதிரி வரும், பிசிர் கையைக் கிழிக்கும். இன்னொன்று இழைக் கயிறு. லேசானது, என்னால் ஒரு கையில் தூக்க முடியும், அறுந்தாலும் அந்த அளவுக்கு வெறியோடு வராது. வெயிலும் மண்ணும்தான் அதற்கு எதிரி. நான் இழைக் கயிறு எடுத்தேன். வெயில் படாமல் இருக்க, மிச்ச ரெக்சினில் வின்சுக்கு ஒரு குல்லாய் தைத்துப் போட்டிருக்கிறேன். ஜெயபால் அதைப் பார்த்து, "வின்சுக்கு ஜாக்கெட்டா அண்ணி?" என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

மரத்தில் சுற்றுகிற பட்டை வாங்கும்போது அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள், தையலைப் பாருங்கள். மடித்துத் தைத்த இடத்தில் தையல் நெருக்கமாக, நூல் தொங்காமல் இருக்க வேண்டும். கடைக்காரர் முதலில் கொடுத்த பட்டையில் தையல் பல்லிளித்தது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். வின்ச் நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். பட்டை இரண்டு, இரும்பு வளையம், கப்பி, கையுறை சேர்த்து ஒன்பதாயிரம். பேட்டரி தனி.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கார்த்திகை கடைசி. மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. கொள்ளிடம் பாலம் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போனது. டோல்கேட், மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர். அங்கே பஸ் ஸ்டாண்டு அருகில் இட்லி, வடை, காபி, இரண்டு பேருக்கு நூற்று நாற்பது ரூபாய். அங்கிருந்து உப்பிலியபுரம், பிறகு சோபனபுரம். அதற்கப்புறம் மலை ஏற்றம். தார் ரோடு நன்றாகவே இருக்கிறது, ஆனால் வளைவில் மேலிருந்து பஸ் வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். டாப் செங்காட்டுப்பட்டி வரைக்கும் வீட்டிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம். அதுவரை காரிலேயே வரலாம். அதைத் தாண்டி உள் ஊர்களுக்குப் பிரியும் மண் ரோடுகளுக்குத்தான் ஜீப் வேண்டும்.

மண் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு மேடு இறங்கினதும் சமதளமான பள்ளம், தேங்கின தண்ணீர், நடுவில் ஒரு குட்டியானை லோடு வண்டி எங்களைப் பார்த்தபடி நின்றது. பின் சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் சேற்றுக்குள். வண்டி நிறைய மரவள்ளிக்கிழங்கு மூட்டை. ஓட்டுகிறவர் பெயர் வெள்ளையன். பக்கத்தில் அவர் மனைவி அலமேலு மண்வெட்டியோடு நின்றிருந்தாள். கிழங்கைக் கீழே கொண்டுபோய்ப் போட வந்தவர்கள்.

வெள்ளையன் ஜெயபாலைப் பார்த்துத்தான் பேசினார். "சார், கொஞ்சம் இழுத்து விடுறீங்களா?"

"எங்கிட்ட கேக்காதீங்க, அண்ணிதான் டிரைவரு" என்றான் ஜெயபால்.

வெள்ளையன் என்னைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அலமேலு குறுக்கே வந்தாள். "யாரா இருந்தா என்னய்யா? வண்டி வெளிய வந்தா சரி."

முதலில் பாதி மூட்டையை இறக்கச் சொன்னேன். வெள்ளையனுக்குப் பிடிக்கவில்லை. "இறக்கி ஏத்துனா பொழுது போயிடும்ங்க." இறக்காவிட்டால் கயிறு போகும் என்றேன். நாலு பேருமாக இறக்கினோம். பாரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. வின்ச் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் போடக் கூடாது.

ஜீப்பைக் கெட்டி மண்ணில் நேர் எதிரே நிறுத்தினேன். லோடு வண்டி சேற்றில் ஊன்றி நிற்கிறது. நாம் இழுத்தால் அது வராமல் நம் ஜீப் அதை நோக்கி வழுக்கிக்கொண்டு போகும். அதனால் ஜீப்பின் பின் கொக்கியை ஒரு புளியமரத்தோடு பட்டை போட்டுக் கட்டினேன், சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்தேன். கப்பியை லோடு வண்டியின் முன் கொக்கியில் மாட்டி, வின்ச் கயிற்றை அதற்குள் விட்டு, திருப்பி ஜீப்பின் கொக்கிக்கே கொண்டுவந்து மாட்டினேன். இப்படிச் செய்தால் இழுவை இரண்டு மடங்கு, வேகம் பாதி. வேகம் குறைந்தால் நல்லதுதான். கயிற்றின் மேல் கனமான ஒரு போர்வையைப் போட்டேன். அறுந்தால் போர்வை அதைத் தரையில் அமுக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும். ஓட விட்டேன். பழைய டீசல் எஞ்சின், பேசினால் காது கேட்காது.

கயிறு தொய்வாக இருந்தது. ரிமோட்டை ஜெயபாலிடம் கொடுத்து, "கையில வெச்சிரு, நான் சொல்ற வரைக்கும் அமுக்காத" என்று சொல்லிவிட்டு, பின்னால் புளியமரத்துப் பட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். வெள்ளையன் லோடு வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

நான் பட்டையில் கை வைத்திருக்கும்போது அது விறைத்தது.

திரும்பிப் பார்த்தேன். கயிறு நேராகிக்கொண்டிருந்தது. ஜெயபால் ரிமோட்டை அழுத்திக்கொண்டு நிற்கிறான். லோடு வண்டியின் பக்கவாட்டில், பின் சக்கரத்துக்கு முன்னால், அலமேலு குந்தி உட்கார்ந்து மண்ணை வெட்டிக்கொண்டிருக்கிறாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது.

"நில்!" என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஜெயபாலின் கட்டைவிரல் எழும்பியது. மோட்டார் நின்றது.

சக்கரம் மண்வெட்டி இலையின் மேல் ஏறி நின்றிருந்தது. பிடி இரண்டாக முறிந்திருந்தது. அலமேலு பின்னால் மல்லாந்து சேற்றில் விழுந்து கிடந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று அவளே மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது, யாருக்கும் நம்பிக்கை வரவில்லை.

"ஏன் சார் அமுக்குனீங்க?" வெள்ளையன் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். "கண்ணாடியில இவ தெரியிறா, நான் கத்தறேன் இருங்க இருங்கன்னு!"

"இழுங்க இழுங்கன்னுதானங்க சொன்னீங்க!"

"இருங்கன்னேங்க!"

"அதத்தான் சொல்றேன், இழுங்கன்னீங்க!"

"ஐயோ, இருங்கங்க!"

அலமேலு சேற்றிலிருந்து எழுந்து புடவையை உதறினாள். "ரெண்டு பேருக்கும் ஒரு தமிழ் வாத்தியார வெச்சாத்தான் சரிப்படும். என்னைக் கொன்னுப்புட்டு அப்பறம் சண்ட போடுங்க."

நான் சொல்வதற்கு முன்னால் ஜெயபால் அமுக்கியதை விட்டுவிட்டால், தப்பு இரண்டு பேர் மேலும் இல்லை. எங்கள் பக்கம் பேச்சில் மரியாதை அதிகம். தெரியாதவரிடம் யாரும் 'இரு' என்று மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள், 'இருங்க' என்பார்கள். ழகரத்தைப் பாதிப் பேர் ளகரமாகத்தான் சொல்வோம். எஞ்சின் சத்தத்தில் கொஞ்சம் தள்ளி நின்றால் 'இருங்க'வும் 'இழுங்க'வும் ஒன்றுதான். ஒன்று பொறு என்பது, இன்னொன்று இழு என்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆளின் கை போய்விடும்.

என் வீட்டுக்காரர் இதற்காகவே ஒரு சட்டம் வைத்திருந்தார். கயிறு விறைத்துவிட்டால் அங்கே இரண்டே வார்த்தைதான். இழுக்க 'வா', நிறுத்த 'நில்'. 'இரு' என்ற வார்த்தையே கிடையாது. 'ங்க' போடக் கூடாது. "கயித்துக்கிட்ட மரியாத காட்டு, ஆளுங்ககிட்ட அப்பறம் காட்டிக்கலாம்" என்பார். எனக்கு அது பழகிப்போனது. ஊராருக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஜெயபாலுக்கு முகமே வெளுத்துவிட்டது. ரிமோட்டை ஜீப் பானெட்டில் வைத்துவிட்டான். "அண்ணி, போதும். ஊருக்குள்ள ஒரு டிராக்டர் நிக்கும், கூட்டிட்டு வந்துடலாம். அண்ணி, ப்ளீஸ்."

டிராக்டரைக் கூப்பிட்டால் சாவி அவன் கைக்குப் போகும். அவனுக்கு அந்த நேரத்தில் அது ஞாபகமே இல்லை என்று நினைக்கிறேன். எனக்கு இருந்தது. ஆனால் சாவிக்காக ஒருத்தி காலைப் பணயம் வைக்கிறோமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கயிறு, கொக்கி, கப்பி, பட்டை எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கையால் தொட்டுப் பார்த்தேன். எதிலும் குறை இல்லை. குறை வார்த்தையில்தான்.

எல்லோரையும் கூப்பிட்டேன். ஜெயபாலைக் கயிறு எட்டாத தூரத்தில் மேட்டில் நிற்கச் சொன்னேன். அலமேலு இன்னும் தள்ளி, எனக்கும் வண்டிக்கும் தெரிகிற இடத்தில். ரிமோட் என் கையில். "ரெண்டே வார்த்த. வா, நில். ங்க வேணாம். வேற எது சொன்னாலும் நான் விரல எடுத்துடுவேன்" என்று வெள்ளையனிடம் சொன்னேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "உங்கள எப்படிங்க வா போன்னு..."

"சொல்லலேன்னா வண்டி இங்கயே கெடக்கும்."

"வா... வாங்க."

"ங்க வேணாம்னேன்ல."

அலமேலுவுக்குப் பொறுமை போய்விட்டது. "நீ ஸ்டியரிங்கப் புடி, நான் சொல்றேன்." அங்கிருந்தே கையை ஆட்டிக்கொண்டு, "வாடி! வா! வா!" என்று குரல் கொடுத்தாள். அந்த மலையில் அன்றைக்கு என்னிடம் தெளிவாகத் தமிழ் பேசினது அவள்தான்.

அழுத்தினேன். கொஞ்சம் இழுப்பது, நிறுத்திக் கயிற்றைப் பார்ப்பது, மோட்டார் சூடு ஆற விடுவது, மறுபடி இழுப்பது. இப்படியே போனது. சேறு ஒரு பெரிய உறிஞ்சலோடு சக்கரத்தை விட்டது. "நில்லுடி!" என்றாள். நிறுத்தினேன். லோடு வண்டி கெட்டி மண்ணில் நாலு சக்கரமும் ஊன்றி நின்றது. வெள்ளையன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றிங்க" என்றார். அடக்கி வைத்திருந்த 'ங்க' எல்லாம் அப்போது வெளியே வந்தது. மண்வெட்டிக்குப் பதில் வாங்கித் தருகிறேன் என்றேன், அலமேலு ஒத்துக்கொள்ளவில்லை. அவளே இரண்டு கை கிழங்கை அள்ளி எங்கள் ஜீப்பில் போட்டாள்.

மூட்டையை ஏற்றிவிட்டு, கயிற்றை லேசான இழுவையில் வைத்து ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு திரும்பினோம்.  உப்பிலியபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினபோது, ஜீப்பை வாங்கப் பார்த்து வைத்திருந்த ஆளுக்கு ஜெயபால் போன் போட்டான். "அண்ணே, வண்டி குடுக்கறதா இல்ல. வேற பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லி வைத்தான். என்னிடம் திரும்பி, "தனியா மட்டும் போகாதீங்க அண்ணி. கூப்பிட்டா வரேன். ரிமோட்ட தர வேணாம், மேட்டுல நிக்கறேன்" என்றான். சரி என்றேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். போக வர நூற்றெழுபது கிலோமீட்டர் ஆனது, டீசல் ஆயிரத்து அறுநூறு ரூபாய். மழை விட்ட மறுநாளே மண் ரோட்டில் இறங்காதீர்கள், குறைந்தது மூன்று நாள் காய விடுங்கள். மரத்தில் வெறும் கயிற்றைச் சுற்றாதீர்கள். மரமும் சாகும், கயிறும் சாகும். பட்டைதான் போட வேண்டும், அதுவும் அடிமரத்தில். கொக்கியைக் கயிற்றிலேயே திருப்பி மாட்டாதீர்கள். இழுக்கும்போது கயிற்றைத் தாண்டி யாரும் நடக்கக் கூடாது, மாட்டிய வண்டியைச் சுற்றி ஒரு ஆளும் இருக்கக் கூடாது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் இழைக் கயிற்றை முழுக்க உருவி நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். மேலே உள் ஊர்களில் எல்லா இடத்திலும் போன் எடுக்காது. அதைவிட முக்கியம், முதல் தடவை அழுத்துவதற்கு முன்னால் அங்கே நிற்கிற எல்லோருக்கும், தெரியாதவராக இருந்தாலும், வயசானவராக இருந்தாலும், அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிக் கொடுங்கள். ஒரு தடவை சத்தமாகச் சொல்லியும் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்படுவார்கள். பரவாயில்லை.

ஒன்றை மட்டும் ஜெயபாலிடம் சொல்லவில்லை. மொட்டு, வைகாசியில் அன்றைக்குக் காலையில் நீ குளித்துவிட்டு வந்து, சமையல்கட்டு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். உன் தலையை மடியில் வைத்திருந்தேன். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. வாசலில் யாரோ கூட்டிவந்த ஆட்டோ ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. அத்தனை சத்தத்துக்கு நடுவில், நீ சொல்லவே கூடாது என்று சொன்ன வார்த்தைதான் என் வாயில் வந்தது. நில் என்று வரவில்லை. 'இரு, இரு' என்றுதான் திரும்பத் திரும்பக் கத்தினேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். சரி என்கிற மாதிரி தலையை ஆட்டினாய். அப்புறம் போய்விட்டாய். உனக்கு அது என்னவென்று கேட்டது, மொட்டு?